வெள்ளைக்கல் எப்படி நுண்பொடியாகிறது?

சேலத்திலிருந்து ஓமலூர் செல்லும் வழியில், சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், மாமாங்கம், செட்டிச்சாவடி, வெள்ளக்கல்பட்டி ஆகிய ஊர்களைச் சுற்றி, கரும்பாறைக்குள் வெண்ணிற நரம்புகளாக ஓடும் மேக்னசைட்டை மக்கள் வெள்ளைக்கல் என்றே அழைக்கின்றனர். ஆலிவின் கனிமம் நிறைந்த பாறையில் கரியமில வாயு கரைந்த நீர் நெடுங்காலம் ஊறியபோது, அதிலிருந்த மக்னீசியம் கார்பனேட்டாக மாறியது. எஞ்சிய சிலிக்கா தனியே பிரிந்தது. அதே மலையின் உச்சியில், ஏற்காட்டைச் சுற்றியுள்ள மேட்டு நிலங்களில், சார்னோகைட் பாறை மழையிலும் வெயிலிலும் சிதைந்து, கரையக்கூடியவை எல்லாம் அடித்துச் செல்லப்பட்ட பிறகு, அலுமினியம் செறிந்த பாக்சைட் தங்கியது. மேட்டூரில் இருந்த அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும்தான் பாக்சைட் சென்றது. வெள்ளைக்கல்லைச் சுட்டால் மக்னீசியா கிடைக்கும். பாக்சைட்டைச் சுத்திகரித்தால் அலுமினா கிடைக்கும். செராமிக் தொழிலில் மிகுதியாகப் பயன்படும் ஆக்சைடுகளில் இரண்டு, இவ்வாறு ஒரே மலையின் அடியிலும் முடியிலும் அமைந்திருக்கின்றன.

அலுமினா உருகுவதற்குச் சுமார் 2,070 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். மக்னீசியாவுக்குச் சுமார் 2,850 டிகிரி வேண்டும். இரும்பைப் போல இவற்றை உருக்கி அச்சில் வார்ப்பது எளிதன்று. எனவே பொருளைப் பொடியாக்கி, அச்சில் அழுத்தி, உருகுநிலைக்கு வெகு கீழேயே சூளையில் சுட்டு, துகள்கள் உருகாமலே ஒன்றோடொன்று ஒட்டி இறுகுமாறு செய்கின்றனர். இதற்குத்தான் சிண்டரிங் என்று பெயர். சூளையிலிருந்து வெளிவரும் பொருளின் வலிமையும் குறையும் பெரும்பாலும் சூளைக்குள் நுழைவதற்கு முன்பே, பொடியிலேயே, தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன. பொடி எவ்வளவு நுண்ணியது என்பதைவிட, அது எவ்வளவு கட்டியில்லாமல் இருக்கிறது என்பதே முக்கியம் என்று நான் கருதுகிறேன்.

நுண்மை ஏன் தேவைப்படுகிறது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். ஒரு கிராம் மக்னீசியாவை ஒரே கனசதுரமாக வைத்தால் அதன் புறப்பரப்பு சுமார் இரண்டரை சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, விட்டமுள்ள உருண்டைகளாகப் பிரித்தால் புறப்பரப்பு சுமார் 1.7 சதுர மீட்டராகும், 0.1 மைக்ரோமீட்டர் உருண்டைகளாக்கினால் சுமார் 17 சதுர மீட்டராகும். புறப்பரப்பில் இருக்கும் அணுக்களுக்கு ஒரு பக்கத்தில் பிணையத் துணை இல்லாததால், அவை உள்ளிருக்கும் அணுக்களைவிட அதிக ஆற்றலுடன் இருக்கின்றன. வெப்பம் கிடைத்ததும், அந்த மிகை ஆற்றலைக் குறைக்கும் பொருட்டு, அணுக்கள் இரு துகள்கள் தொடும் இடத்தை நோக்கி நகர்ந்து அங்கே ஒரு கழுத்தை உருவாக்குகின்றன. கழுத்து தடிக்கத் தடிக்கத் துகள்களின் மையங்கள் நெருங்கி, இடையிலிருந்த துளைகள் சுருங்குகின்றன. துகளின் அளவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், அணுக்கள் எவ்வழியாக நகர்கின்றன என்பதைப் பொறுத்து, அதே அளவு இறுகுவதற்கு ஆகும் நேரம் ஆயிரத்தில் ஒரு பங்காகவோ பத்தாயிரத்தில் ஒரு பங்காகவோ குறையும் என்பதை அமெரிக்க இயற்பியலாளர் கானியர்ஸ் ஹெர்ரிங் 1950இல் விளக்கினார். நேரத்தில் கிடைக்கும் இந்த மிச்சத்தை வெப்பநிலையிலும் பெற்றுக்கொள்ளலாம் என்பதால், பல நூறு டிகிரி குறைவாகவே சுட முடிகிறது.

ஆனால் துகள்களை ஒட்டவைக்கும் அதே ஈர்ப்பு, அறை வெப்பத்திலேயே தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. மைக்ரோமீட்டருக்குக் கீழ்ப்பட்ட துகள்களுக்குத் தம் எடையைவிட ஒன்றையொன்று இழுக்கும் விசையே பெரிது. கொதிக்கும் நீரில் கேழ்வரகு மாவைச் சட்டென்று கொட்டினால் வெளியே வெந்து உள்ளே மாவாகவே நிற்கும் கட்டிகள் உண்டாவதைப் போல, நுண்பொடியும் கட்டி தட்டுகிறது. அச்சில் அழுத்தும்போது கட்டிக்குள் துகள்கள் நெருக்கமாகவும், கட்டிகளுக்கு இடையே தளர்வாகவும் அமைகின்றன. சூளையில் ஒவ்வொரு கட்டியும் தன் போக்கில் சுருங்கி, சுற்றியுள்ள பகுதியிலிருந்து பிய்த்துக்கொண்டு, விரிசல் போன்ற ஓர் இடைவெளியை விட்டுவிடுகிறது. 1920களின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் கிரிஃபித் கண்ணாடியை வைத்து நிறுவிய விதிப்படி, உடையும் தன்மையுள்ள பொருளின் வலிமை அதிலுள்ள மிகப் பெரிய விரிசலின் அளவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 100 மைக்ரோமீட்டர் குறையை 25 மைக்ரோமீட்டராகக் குறைத்தால் வலிமை இரட்டிப்பாகும். பொடி முழுவதும் நன்றாக இருந்து, ஒரே ஒரு பெரிய கட்டி மட்டும் தப்பியிருந்தாலும், பொருள் உடைவது அங்கிருந்துதான்.

வெள்ளைக்கல்லைச் சுடும்போது நிகழ்வதைப் பார்த்தால், கட்டி எவ்வளவு தொடக்கத்திலேயே உருவாகிவிடுகிறது என்பது விளங்கும். மக்னீசியம் கார்பனேட், கரியமில வாயுவை வெளியேற்றித் தன் எடையில் சுமார் 52 சதவீதத்தை இழக்கிறது. 84 கிலோ தூய மேக்னசைட்டிலிருந்து 40 கிலோ மக்னீசியாதான் மிஞ்சும். ஆனால், சுமார் 700 முதல் 1,000 டிகிரிக்குள் மெதுவாகச் சுடும்போது, கல்லின் ஒவ்வொரு துணுக்கும் தன் வெளி வடிவத்தை ஏறத்தாழ அப்படியே வைத்துக்கொள்கிறது. எடை போய், மிஞ்சிய மக்னீசியாவின் அடர்த்தியும் கூடிவிட்டதால், அந்த வடிவத்துக்குள் சுமார் 60 சதவீதம் வெறும் துளையாக இருக்கும். துளைகளின் சுவர்களோ சில பத்து நானோமீட்டர் (மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) அளவேயுள்ள படிகங்களால் ஆனவை. கருவியில் புறப்பரப்பை அளந்தால் மிக நுண்ணிய பொடி என்று எண் சொல்லும். நுண்ணோக்கியில் பார்த்தால் பழைய கல்லின் உருவம் கலையாமல் நிற்கும். வெப்பத்தை 1,700 டிகிரி வரை உயர்த்தினால் படிகங்கள் வளர்ந்து, நீரோடு எளிதில் வினைபுரியாத கடுஞ்சூட்டு மக்னீசியா கிடைக்கும். உருக்கு உலைகளின் உட்சுவரில் பதிக்கும் செங்கலுக்கு அதுவே ஏற்றது. நுண்பொடி வேண்டுமென்றால், படிகம் வளராத குறைந்த வெப்பத்தில் நிறுத்தி, பிறகு அந்தப் பழைய உருவத்தை அரைத்து உடைக்க வேண்டும்.

சேலத்து மேக்னசைட்டில் சிலிக்கா சற்று மிகுதி. அது இந்தக் கல் பிறந்த முறையிலேயே அடங்கியிருக்கிறது. உயர்தர நுண்பொடிக்கு அந்தச் சிலிக்காவை நீக்க வேண்டுமென்றால், கல்லை மறுபடியும் கரைசலாக்குவதே வழி. இளஞ்சூட்டில் சுட்ட மக்னீசியாவை நீரில் கலக்கி, அழுத்தத்தில் கரியமில வாயுவைச் செலுத்தினால் மக்னீசியம் பைகார்பனேட்டாகக் கரையும். சிலிக்கா கரையாமல் தங்கும். வடிகட்டிய கரைசலைச் சூடாக்கினால் தூய காரக் கார்பனேட் வீழ்படிவாகும். 19ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்ட முறை இது. வீழ்படிவை உலர்த்தும்போதுதான் கவனம் தேவை. நீர் வற்றும்போது துகள்களுக்கிடையே தங்கும் மெல்லிய நீர்ப்படலம் பரப்பு இழுவிசையால் அவற்றை நெருக்கி இழுக்கிறது; பின்பு சுடும்போது அந்த நெருக்கம் கெட்டியான பிணைப்பாகிவிடுகிறது. அதனால் கடைசிக் கழுவலை ஆல்கஹாலில் செய்கின்றனர். அல்லது உறையவைத்து, பனிக்கட்டியை நேரடியாக ஆவியாக்கி உலர்த்துகின்றனர்.

பாக்சைட்டின் வழி வேறு. 1880களின் பிற்பகுதியில் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் யோசப் பேயர் வகுத்த முறைப்படி, பாக்சைட்டைச் சூடான காஸ்டிக் சோடாவில் கரைத்து, இரும்பு மிகுந்த செம்மண் சேற்றை வடிகட்டி நீக்கி, கரைசலிலிருந்து அலுமினியம் ஹைட்ராக்சைடைப் படியவைக்கின்றனர். அதைச் சுட்டால் நீர் நீங்கி, முதலில் காமா போன்ற இடைநிலை அலுமினாக்களும், ஏறத்தாழ 1,100 முதல் 1,200 டிகிரியில் நிலையான ஆல்ஃபா அலுமினாவும் உண்டாகின்றன. இந்தக் கடைசி மாற்றத்தில் அடர்த்தி கூடுவதால் பொருள் உள்ளுக்குள் சுருங்கி, புழு நெளிவது போன்ற கிளைகளாகப் பின்னிக்கொள்கிறது. அந்தப் பின்னலைப் பின்னர் பிரிப்பது கடினம். மிக நுண்ணிய ஆல்ஃபா அலுமினாத் துகள்களை முன்கூட்டியே விதையாகக் கலந்தால், மாற்றம் பல இடங்களில் ஒரே நேரத்தில் தொடங்கி, 100 முதல் 200 டிகிரி குறைவான வெப்பத்தில் முடிந்து, பின்னல் உண்டாக இடம் கொடுப்பதில்லை.

எனக்கு மிகவும் வியப்பளித்த வழி, நமக்கு அருகில் பெங்களூருவில், இந்திய அறிவியல் கழகத்தில் உருவானது. காசிநாத் பாட்டீலும் கிங்ஸ்லியும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், அலுமினியம் நைட்ரேட்டையும் யூரியாவையும் சிறிது நீரில் கரைத்து, 500 டிகிரியில் சூடாக இருக்கும் உலைக்குள் வைத்தனர். கரைசல் கொதித்து, நுரைத்து, தானே தீப்பற்றி எரிந்து, ஐந்து நிமிடங்களுக்குள் ஆல்ஃபா அலுமினாவாக முடிந்தது. உலையின் வெப்பம் 500 டிகிரிதான் என்றாலும், சுடரின் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. வினையின் கணக்கைப் பார்த்தால் நுரையின் காரணம் புரியும்: ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) அலுமினா உண்டாகும்போது கரியமில வாயு, நைட்ரஜன், நீராவி ஆகியவை சேர்ந்து 23 மோல் வாயு வெளியேறுகிறது. இத்தனை வாயுவும் ஒரே வேகத்தில் பீறிட்டு வெளியேறுவதால், துகள்கள் நெருங்கி இறுக நேரமில்லாமல், கையால் தொட்டாலே உதிரும் நுரையாக நிற்கின்றன. வயலுக்கு இடும் யூரியாவே இங்கு எரிபொருள். வாயு வெளியேற வழியுள்ள உலையில், மிகச் சிறிய அளவில், பயிற்சி உள்ளவர் கண்காணிப்பில் மட்டுமே செய்யத்தக்க வினை இது.

எவ்வழியில் வந்த பொடியானாலும் அரைவைக்கு உட்பட வேண்டும். சுழலும் உருளைக்குள் கெட்டியான உருண்டைகளோடு பொடியைப் போட்டு அரைக்கும் பால் மில்தான் இன்றும் பரவலான கருவி. உருண்டை தேய்ந்தால் அதுவும் பொடியில் கலந்துவிடும் என்பதால், அலுமினாவுக்கு அலுமினா அல்லது சிர்கோனியா உருண்டைகளையே பயன்படுத்துகின்றனர். உலர் அரைவையைவிட ஈர அரைவையே நல்லது. தரம் அதற்கு ஒரு காரணம். அரைப்பவரின் நுரையீரல் இன்னொரு காரணம். சில மைக்ரோமீட்டர் அளவுள்ள தூசி மூக்கில் தங்காமல் நேராக ஆழத்துக்குச் செல்லும். அதில் படிகச் சிலிக்கா இருந்தால் தீங்கு பன்மடங்கு. அரைவைக் கூடத்தில் தூசி உறிஞ்சியும் தகுந்த முகக்கவசமும் இல்லாமல் எவரையும் நிறுத்தக் கூடாது.

நீரில் கலந்த துகள்கள் மறுபடி கட்டி தட்டாமலிருக்க, அவற்றின் மேற்பரப்பில் ஒரே வகை மின்னூட்டத்தை ஏற்படுத்தி, ஒன்றையொன்று தள்ளுமாறு செய்கின்றனர். அலுமினாவின் மேற்பரப்பு, நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். மதிப்பு 9 அளவில் மின்னூட்டமற்றதாகிவிடும். அங்கே குழம்பு தயிர் போல் உறைந்துவிடும். சிறிது அமிலம் சேர்த்து 4 அளவுக்குக் கொண்டுவந்தால், அதே குழம்பு நீர்போல் ஓடும். மக்னீசியாவுக்கோ நீரே ஆகாது. நுண்ணிய மக்னீசியா நீரோடு வினைபுரிந்து, ஏறத்தாழ இருமடங்குக்கு மேல் பருமனுள்ள ஹைட்ராக்சைடாக உப்பிவிடும் என்பதால், அதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போன்ற திரவத்தில்தான் அரைக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுப் பிரித்த பொடியை அப்படியே அச்சில் கொட்ட முடியாது. அது ஓடாது, மூலைகளை நிரப்பாது. ஆகையால் குழம்பில் பாலிவினைல் ஆல்கஹால் போன்ற பசையைக் கலந்து, சூடான காற்றில் தெளித்து உலர்த்தி, சுமார் 50 முதல் 150 மைக்ரோமீட்டர் அளவுள்ள குருணைகளாக்குகின்றனர். முன்பு விலக்கிய கட்டிகளுக்கும் இவற்றுக்கும் வேறுபாடு உண்டு: குருணை அச்சின் அழுத்தத்தில் நசுங்கித் தன் வடிவத்தை முற்றிலும் இழந்துவிட வேண்டும். பசை மிகுதியாகிக் குருணை கெட்டியானால், அதன் எல்லைகள் சுட்ட பிறகும் கோடுகளாகத் தெரியும். அழுத்திய கட்டையில் துகள்கள் அடைத்திருப்பது பருமனில் சுமார் 55 சதவீதம்தான். அது 98 சதவீதமாக இறுகும்போது நீளம் சுமார் 17 சதவீதம் குறையும். அச்சு செய்பவர் இதைக் கணக்கிட்டே அளவைப் பெரிதாக்குகிறார்.

சூளையிலும் ஓர் இழுபறி உண்டு. துளைகள் மூடிக்கொண்டிருக்கும்போதே சில படிகங்கள் பக்கத்துப் படிகங்களை விழுங்கி வேகமாக வளர்கின்றன; அவற்றின் எல்லை துளையைத் தாண்டி ஓடிவிட்டால், துளை படிகத்துக்குள் சிறைப்பட்டு, எவ்வளவு சுட்டாலும் வெளியேறாது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் கோபிள், அலுமினாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான மக்னீசியாவைச் சேர்த்து, ஹைட்ரஜனில் சுட்டபோது, எல்லைகளின் ஓட்டம் கட்டுக்குள் வந்து, துளைகள் முழுமையாக வெளியேறி, ஒளி ஊடுருவும் அலுமினா கிடைத்தது. கண்ணாடியை அரித்துவிடும் சூடான சோடியம் ஆவியை அந்த அலுமினாக் குழாய் தாங்கியது. தெருக்களில் பல்லாண்டுகள் எரிந்த மஞ்சள் நிறச் சோடியம் விளக்குகள் அதனால்தான் இயன்றன. சேர்வராயன் மலையின் இரு கனிமங்களும் தரும் அதே இரண்டு ஆக்சைடுகளின் கூட்டு இது என்பதால், சேலத்தை அடுத்த கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரியில் உலோகவியல் படிக்கும் மாணவர்கள் இந்த ஆய்வை ஆழ்ந்து படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

துளையே வேண்டும் என்னும் பொருள்களும் உண்டு. வடிகட்டிகளும் வெப்பத்தைக் கடத்தாத இலகு செங்கற்களும் அத்தகையவை. அவற்றுக்குப் பொடியோடு மரவள்ளி மாவைக் கலக்கலாம். ஜவ்வரிசிக்காகச் சேலம் வட்டாரத்து ஆலைகள் பிழிந்தெடுக்கும் அந்த மாவின் மணிகள் பெரும்பாலும் 5 முதல் 35 மைக்ரோமீட்டர் அளவுள்ளவை. குழம்பை 70 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் மாவு நீரை உறிஞ்சி உப்பி, அச்சிலேயே கட்டையை இறுக்கிப் பிடிக்கும். பிறகு சூளையில் மெதுவாகச் சூடேற்றினால் 500 டிகிரிக்குள் எரிந்துபோய், தன் அளவுக்கு ஒரு துளையை விட்டுச்செல்லும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் வாயு வெளியேற வழியின்றிக் கட்டை பிளந்துவிடும். சுற்றியுள்ள நுண்துகள்கள் இறுகிச் சுவராகும்போதும் இந்தத் துளைகள் மூடுவதில்லை. துகளைவிடப் பன்மடங்கு பெரிய துளையைப் பல படிகங்கள் சூழ்ந்து நிற்பதால், சுருங்குவதால் அதற்கு ஆற்றல் மிச்சமாவதில்லை. கட்டி தட்டிய பொடியில் கட்டிகளுக்கு இடையே விழும் பெரிய இடைவெளிகள் எவ்வளவு சுட்டாலும் மூடாமல் நிற்பதற்கும் இதுவே காரணம்.