பொத்தான் மாறித் தெரிந்தால் திருப்புளியைத் தேடாதீர்கள்

திரையில் 'ஏ' என்று காட்டுகிறது, ஏ பொத்தானை அழுத்தினால் 'பி'யின் வேலை நடக்கிறது என்பதற்காகக் கேம்பேடை, அதாவது விளையாட்டை இயக்கும் கைக்கருவியை, திறந்து, பொத்தான்களை இடம் மாற்ற முயன்று, பேட்டரி வயரைப் பிய்த்த பிறகு காரைக்குடியில் உள்ள என் பழுதுபார்ப்பு மேசைக்குக் கொண்டுவருகிறார்கள். சென்ற வாரமும் அப்படி ஒன்று வந்தது. "அம்மான் சிங்கப்பூர்ல இருந்து வாங்கியாந்தது, அதுக்குள்ள கெட்டுப்போச்சு" என்றான் பையன். வயர் அறுகிற வரையில் அது கெடவே இல்லை.

இதை எத்தனை முறை சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். நின்டெண்டோ 1990-இல் சூப்பர் ஃபேமிகாம் விளையாட்டுக் கருவியில் வைத்த வரிசைப்படி ஏ வலப்புறமும் பி கீழேயும் எக்ஸ் மேலேயும் ஒய் இடப்புறமும் இருக்கும். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸிலோ ஏ கீழே, பி வலப்புறம், எக்ஸ் இடப்புறம், ஒய் மேலே. 2005-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த எக்ஸ்இன்புட் என்ற, கேம்பேடை எக்ஸ்பாக்ஸ் வரிசையில் படிக்கும் முறையைத்தான் இன்றைய கணினி விளையாட்டுகளில் பெரும்பாலானவை பின்பற்றுகின்றன. உங்கள் பொத்தானின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்து அவற்றுக்குத் தெரியாது. பிளேஸ்டேஷன் கேம்பேடைப் பிடித்திருந்தாலும், இடையிலுள்ள மென்பொருள் அதை எக்ஸ்பாக்ஸ் என்று அறிவித்துவிட்டால், பெருக்கல் குறிக்குப் பதிலாகத் திரையில் ஏ என்றுதான் தோன்றும். இதில் பழுது எங்கே இருக்கிறது?

ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுத் தளத்தில் விளையாடுபவர்கள், செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதிக்குள் நின்டெண்டோ பொத்தான் அமைப்புக்கான தேர்வை மாற்றிப் பார்த்தால் பெரும்பாலும் அங்கேயே வேலை முடிந்துவிடும். திரைக் குறிகளை மட்டும் மாற்ற வேண்டுமென்றால், அதற்கான தேர்வைப் பல விளையாட்டுகள் தம் அமைப்புப் பக்கத்திலேயே வைத்திருக்கின்றன. தயவுசெய்து அந்தப் பக்கத்தை ஒருமுறையாவது திறந்து பாருங்கள். விலை குறைந்த கேம்பேடுகளில் எக்ஸ், டி என்ற இரு நிலைகளுக்கு ஒரு சுவிட்ச் இருந்தால் அதை எக்ஸில் வையுங்கள். எக்ஸ் என்பது எக்ஸ்இன்புட், டி என்பது அதற்கு முந்தைய டைரக்ட்இன்புட் முறை. அதில் பொத்தான்களுக்கு எண் மட்டுமே உண்டு, அந்த வரிசையும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஸ்டீமுக்குள்ளேயே இருக்கும் ஸ்டீம் இன்புட் வசதி, பிளேஸ்டேஷன் கேம்பேடைக் கணினிக்கு எக்ஸ்பாக்ஸாகக் காட்டும் டிஎஸ்4விண்டோஸ் மென்பொருள் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் ஓர் அழுத்தம் இரண்டாகப் பதியக்கூடும் என்பதால், ஏதாவது ஒன்றை நிறுத்திவிடுங்கள்.

எக்ஸ்இன்புட் கோப்பைக் காணவில்லை என்று கணினி சொன்னால், கண்ட தளத்திலிருந்தெல்லாம் அந்த டிஎல்எல் கோப்பை இறக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் தொகுப்பிலேயே அது இலவசமாகக் கிடைக்கிறது. வெளியிலிருந்து இறக்கிய கோப்போடு வைரஸும் வந்தால், கேம்பேடுக்காக வந்தவர் கணினியையே விட்டுச்செல்ல நேரும். குறிகளை மாற்ற ரசிகர்கள் செய்த, 'மாட்' எனப்படும் மாற்றக் கோப்புகள் தனியாக ஆடும் விளையாட்டுக்குப் பரவாயில்லை. ஏமாற்றுத் தடுப்பு உள்ள இணைய விளையாட்டில் கோப்புகளைத் தொட்டால் கணக்கே முடங்கலாம்.

விண்டோஸின் தேடல் பெட்டியில் யூஎஸ்பி கேம் கன்ட்ரோலர் என்று ஆங்கிலத்தில் தட்டினால் சோதனைப் பக்கம் வரும். அங்கே ஒரு பொத்தானை அழுத்தியும் அதற்குரிய விளக்கு எரியாவிட்டால், அல்லது தொடாமலேயே எரிந்துகொண்டிருந்தால், அது உண்மையான பழுது. அப்போது எடுத்து வாருங்கள், ஆனால் திறக்காமல்.