கேமராவைக் கணினி காட்டவில்லையா? கார்டை ஃபார்மேட் செய்துவிடாதீர்கள்

தண்டையார்பேட்டையில் கணினி பழுதுபார்ப்புக் கடை நடத்தும் என்னிடம், கல்யாண வீட்டுப் படங்களோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு வருபவர்களில் பெரும்பாலோரின் கேமராவில் எந்தப் பழுதும் இருப்பதில்லை. வீட்டில் அவசரப்பட்டுச் செய்த வைத்தியம்தான் பல சமயம் படங்களுக்கு எமனாகிறது.

முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்கும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தரவுக்கு. சார்ஜ் செய்வதற்கென்றே மலிவாக விற்கப்படும் கேபிள்களில் பின்னிரண்டும் இருக்காது என்பதால், அதை மாட்டினால் கணினிக்குக் கேமரா வந்ததே தெரியாது. கேபிள் சரியென்றால், கணினிப் பெட்டியின் முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத்தில் நேராகச் செருகிப் பாருங்கள். கேமராவில் வைஃபை இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள்; கேனான் மாடல்கள் பலவற்றில் அது இயங்கிக்கொண்டிருக்கும்போது யூஎஸ்பி வேலை செய்யாது.

இன்னொன்று, பல கேமராக்கள் பென்டிரைவ் போல எழுத்துக் குறியோடு ஒரு டிரைவாகத் தோன்றுவதில்லை. அவை பிடிபி (PTP) அல்லது எம்டிபி (MTP) எனப்படும் கோப்புப் பரிமாற்ற முறையில் இணைவதால், 'திஸ் பிசி'யில் மாடல் பெயரோடு தனிச் சாதனமாக நிற்கும். ஈ டிரைவைத் தேடிக் காணோம் என்று அலைபவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடலை ஒட்டிய வீடுகளிலிருந்து வரும் கேமராக்களில் வேறொரு தொல்லையும் உண்டு. டார்ச் அடித்துப் பார்த்தால் யூஎஸ்பி துளைக்குள் இருக்கும் பின்களின் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு படிந்திருக்கும். உப்புக் காற்றின் வேலை அது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டலாம். ஊக்கால் சுரண்டினால் பின் வளைந்து, சின்ன வேலை போர்டு வேலையாகிவிடும்.

இவ்வளவுக்கும் மசியவில்லையென்றால் கேமராவோடு மல்லுக்கட்டாமல், கார்டைக் கழற்றிக் கார்டு ரீடரில் போடுங்கள். அப்போது 'டிஸ்கை ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்கக்கூடும். ஆபத்தான இடம் இதுதான். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள எஸ்டி கார்டுகள் எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற கோப்பு அமைப்பில் வருபவை. அதற்கான அப்டேட் போடாத பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி நல்ல கார்டையே பார்த்து இப்படிக் கேட்கும். கேன்சல் அழுத்திவிட்டு வேறொரு கணினியில் போட்டுப் பாருங்கள்.

தெரியாமல் குயிக் ஃபார்மேட் கொடுத்துவிட்டாலும் பதற வேண்டாம். பெரும்பாலும் அழிவது கோப்புப் பட்டியல்தான், படங்கள் உள்ளேயே இருக்கும். அந்தக் கார்டில் புதிதாக ஒரு படம்கூட எடுக்காமல் கொண்டுவந்தால் மீட்க வாய்ப்புண்டு. ஆனால் 'குயிக்' குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுத்தால், விஸ்டாவும் அதற்குப் பின் வந்த விண்டோஸ்களும் கார்டு முழுவதும் பூஜ்யங்களை எழுதிவிடும். அதன்பின் மீட்பு மென்பொருள் எதுவும் உதவாது. மீட்டுத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரிடம், எந்த வகை ஃபார்மேட் நடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படங்கள் கணினிக்கு வந்ததும் நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் சிலவற்றைப் பெரிதாகத் திறந்து பார்த்து, இன்னொரு பிரதியும் எடுத்துக்கொண்ட பின்னரே கார்டைக் காலி செய்யுங்கள். அதையும் கணினியில் அல்லாமல் கேமராவின் மெனுவிலிருந்தே செய்யுங்கள்.