ஓட்டல் டிவியும் லேப்டாப்பும் பேசிக்கொள்வது எப்படி?

வெளியூரில் அறை எடுத்துத் தங்கும்போது சுவரில் பெரிய டிவி இருக்கும். குடும்பமே லேப்டாப் திரைக்கு முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு படம் பார்க்கும். படத்தையும் ஒலியையும் ஒன்றாக டிவிக்குக் கொண்டுபோகும் ஒரு எச்டிஎம்ஐ கேபிள் கையில் இருந்தால் இந்தப் பாடு தேவையில்லை. ஆனால் கேபிளைச் செருகிய பிறகும் டிவி சில சமயம் ‘சிக்னல் இல்லை’ என்று சொல்லிவிடும். பெரும்பாலும் டிவியும் பழுதில்லை, லேப்டாப்பும் பழுதில்லை. படம் வருவதற்கு முன்பு இரண்டுக்கும் நடுவே நடக்க வேண்டிய பேச்சு பாதியில் நின்றிருக்கும்.

2002 டிசம்பரில் வெளியான எச்டிஎம்ஐயின் வழக்கமான செருகியில் 19 முனைகள் உண்டு. படத்தையும் ஒலியையும் சுமப்பவை நான்கு ஜோடிக் கம்பிகள்தான். ஆனால் படம் வருமா வராதா என்று தீர்மானிப்பவை ஓரத்தில் இருக்கும் மற்ற சில முனைகள். செருகியதும் லேப்டாப் 18-வது முனை வழியாக 5 வோல்ட் அனுப்புகிறது. டிவி 19-வது முனையில் மின்னழுத்தத்தை உயர்த்தி, தான் இருப்பதைத் தெரிவிக்கிறது. உடனே லேப்டாப் 15, 16 ஆகிய முனைகள் வழியாக டிவிக்குள் இருக்கும் ஒரு சின்ன நினைவகச் சில்லைப் படிக்கிறது. அதில் இருப்பதுதான் இடிஐடி, அதாவது டிவி தன்னைப் பற்றித் தரும் விவரக் குறிப்பு. அதன் முதல் பகுதி வெறும் 128 பைட். தயாரித்த நிறுவனத்தின் மூன்றெழுத்துக் குறி, தயாரித்த ஆண்டு, எந்தெந்த அளவுப் படங்களை டிவி ஏற்கும் என்ற விவரம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஒலி பற்றிய விவரங்கள் அதையடுத்த பகுதியில் வரும். சில்லுக்கு வேண்டிய மின்சாரத்தை லேப்டாப்பின் அந்த 5 வோல்ட்டே கொடுத்துவிடும் என்பதால், டிவி அணைந்திருந்தாலும் இதைப் படிக்க முடியும்.

ஓட்டல்களில் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. டிவியைச் சுவரோடு ஒட்டி மாட்டிவிட்டு, மேசையருகே ஒரு பலகையில் எச்டிஎம்ஐ துளை வைத்திருப்பார்கள். நடுவில் சுவருக்குள் நீளமான வயர், கூடுதல் இணைப்புகள். அந்த மெல்லிய கம்பிகளில் ஒன்று லூசானால் லேப்டாப்புக்கு டிவி இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் விவரம் கிடைக்காமல், குறைந்த தரத்தில் மங்கலாகப் படம் அனுப்பும். கேபிளைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகச் சொல்வது வெறும் கைவைத்தியம் அல்ல. 19-வது முனை ஒருமுறை இறங்கி ஏறுவதால் முழுப் பேச்சும் முதலிலிருந்து தொடங்குகிறது.

பேச்சு முடிந்ததும் வெள்ளம்போலத் தரவு பாய்கிறது. 1920×1080 படம் நொடிக்கு 60 முறை போக வேண்டும். உண்மையில் அனுப்பப்படுவது 2200×1125 புள்ளிகள். கூடுதலாக இருப்பது படம் இல்லாத இடைவெளி. பழைய பிக்சர் ட்யூப் டிவியில் எலக்ட்ரான் கற்றை ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்குத் திரும்ப அவகாசம் வேண்டியிருந்தது. அந்த இடைவெளியை எச்டிஎம்ஐ விடாமல் வைத்துக்கொண்டு, ஒலியை அதற்குள் ஏற்றி அனுப்புகிறது. எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். நொடிக்கு 14.85 கோடி புள்ளிகள். ஒவ்வொரு நிறத்தின் 8 பிட்டும் 10 பிட்டாக மாற்றப்படுவதால், மூன்று ஜோடிகளில் ஒவ்வொன்றிலும் நொடிக்கு 148.5 கோடி பிட் ஓடுகிறது. நான்காவது ஜோடி, இவற்றை எந்த வேகத்தில் படிப்பது என்று சொல்லும் கடிகாரத் துடிப்பைச் சுமக்கிறது. ஒரு ஜோடியின் இரு கம்பிகளிலும் ஒரே சிக்னல், ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் போகும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டையும் ஒரே அளவில் பாதிப்பதால், டிவி இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும்போது இரைச்சல் கழிந்துவிடும்.

டெஸ்க்டாப் நன்றாகத் தெரிகிறது, ஓடிடியில் படத்தைப் போட்டதும் திரை கறுத்துவிடுகிறது என்றால் எச்டிசிபியைச் சந்தேகியுங்கள். நகலெடுப்பதைத் தடுக்க இன்டெல் உருவாக்கிய பூட்டு அது. நடுவில் இருக்கும் மலிவான மாற்றியோ பிரிப்பானோ சரியான சாவியைக் காட்டாவிட்டால் படம் வராது. உங்களிடம் கோப்பாக இருக்கும் சொந்த வீடியோவுக்கு இந்தத் தடை இல்லை. யுஎஸ்பி-சி துளை மட்டும் உள்ள லேப்டாப் என்றால், அந்தத் துளை வீடியோவும் அனுப்பக்கூடியதுதானா என்று வீட்டிலேயே சோதித்துவிட்டுக் கிளம்புங்கள். சில துளைகள் அனுப்பாது.

வயர் இல்லாமல் அனுப்பலாமே என்று தோன்றும். பல ஓட்டல்களின் வைஃபை, பாதுகாப்புக்காக ஒரு விருந்தினரின் கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி பிரித்து வைத்திருக்கும். பயணத்துக்குக் கேபிள்தான் நம்பகமானது.

படம் வந்தபின் ஒன்று. சினிமா பெரும்பாலும் நொடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்). 60 என்பது 24-ஆல் மீதமின்றி வகுபடாது என்பதால், ஒரு சட்டகம் இரண்டு முறை, அடுத்தது மூன்று முறை என்று மாறிமாறிக் காட்டப்படும். கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் லேசாகத் திக்குவது இதனால்தான். லேப்டாப்பின் டிஸ்ப்ளே அமைப்பில் 24 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 24 முறை) இருந்தால், டிவி தன் இடிஐடியில் அதை ஏற்பதாகச் சொல்லியிருக்கிறது என்று பொருள். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் படத்தைப் போடுங்கள்.