லாட்ரன்குலின்: சொல்லும் பொருளும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெண் முதுகலை விலங்கியல் படிக்கிறாள். கருத்தரங்கில் தமிழிலேயே பேசப் போவதாகச் சொல்லித் தாளை நீட்டினாள். "மாமா, இது சரியா இருக்குங்களா?" முதல் வரியே 'லாட்ரன்குலின் ஒரு கடற்பாசி நச்சு' என்றிருந்தது. அங்கேயே பேனாவை எடுத்துவிட்டேன்.

பாசி வேறு, பஞ்சு வேறு. கடையில் போய்க் கடற்பாசி கேட்டால், நோன்புக் காலத்தில் இனிப்பு செய்ய வாங்கும் அந்த வெள்ளை நாரைத்தான் எடுத்துத் தருவார்கள். நம் பொருளோ கடற்பஞ்சு; உடலெங்கும் துளையோடு, பாறையில் ஒட்டிக்கொண்டு, நீரை வடிகட்டித் தின்று வாழும் விலங்கு. பாடநூல்கள் இந்த இனத்தைத் துளையுடலிகள் என்கின்றன. நல்ல சொல்தான். 'நச்சு' என்பதும் சரியே. பழந்தமிழில் நச்சுதல் என்றால் விரும்புதல். நச்சினார்க்கினியர் பெயரில் இருப்பது அந்த நச்சு. இது நஞ்சின் வழி வந்த நச்சு.

செங்கடலில் வாழும் ஒரு சிவப்புக் கடற்பஞ்சிலிருந்து லாட்ரன்குலின் கிடைத்தது. அதைப் பிழிந்தால் வடியும் சாறு மீன்களுக்கு ஆகாது. 1980இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் காஷ்மன் குழுவினர் அதன் வேதியமைப்பை வெளியிட்டார்கள். 'ஏ', 'பி' என இரண்டு முக்கிய வகைகள். முதலாவதன் பெரிய வளையத்தில் 16 அணுக்கள், இரண்டாவதில் 14. செல்லுக்குள் அது என்ன செய்கிறது என்பது 1983இல் தெரிந்தது. அன்று முதல் உலகெங்கும் செல் உயிரியல் ஆய்வகங்களின் உறைபெட்டியில் அதற்கு இடம் உண்டு.

பெயருக்கு வருவோம். அந்தக் கடற்பஞ்சை முதலில் லாட்ரன்குலியா என்ற பேரினத்தில் வைத்திருந்தார்கள். அந்தப் பேரினத்தின் உடலில் இருக்கும் நுண்முட்கள், நுண்ணோக்கியில் பார்த்தால், கடைந்தெடுத்த சதுரங்கக் காய் போலவே இருக்கும். லத்தீனில் 'லாட்ரன்குலுஸ்' என்றால் பலகை விளையாட்டில் நகர்த்தும் காய். ரோமானியர்கள் ஆடிய ஆட்டம் அது. இன்னும் தோண்டினால் 'லாட்ரோ' வரும். அதற்கு முதலில் கூலிக்குச் சண்டை போடும் சிப்பாய் என்று பொருள். பிறகு கொள்ளைக்காரன் என்றாகிவிட்டது. நம் ஊரில் கூலிப்படை என்ற சொல் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள், அதே கதை. இதற்குள் அந்தக் கடற்பஞ்சையே நெகொம்பாட்டா என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். வீடு மாறிவிட்டது, நஞ்சு மட்டும் பழைய விலாசத்திலேயே இருக்கிறது.

இனி அதன் வேலை. அந்தப் பெண்ணின் அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை. தட்டில் வெள்ளிக் கண்ணிகள் குவிந்து கிடக்கும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்துக்கொண்டே போவார். செல்லுக்குள்ளும் ஆக்டின் என்ற புரதம் இப்படித்தான் உதிரிகளாக மிதக்கிறது, ஒன்றோடொன்று சேர்ந்து சரமாகிறது. செல்லுக்கு வடிவம் தருவதும், அது நகர உதவுவதும் இந்தச் சரங்கள். கொலுசிலிருந்து ஒரு வேறுபாடு உண்டு: ஆக்டின் சரம் ஒரு முனையில் வளரும்போதே மறுமுனையில் உதிர்ந்துகொண்டிருக்கும். லாட்ரன்குலின் சரத்தைக் கத்தரிப்பதில்லை. உதிரிக் கண்ணியை ஒன்றுக்கு ஒன்றாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வரவு நின்றுவிடும், செலவு நிற்காது, சரம் கரைகிறது. பரந்து கிடந்த செல் சுருங்கி உருண்டையாகும். நஞ்சைக் கழுவி எடுத்துவிட்டால் சரங்கள் மறுபடி உருவாகும். ஆய்வாளர்களுக்கு இதன் மேல் ஆசை வரக் காரணமே அதுதான். பூஞ்சையிலிருந்து வரும் சைட்டோகலாசின் என்ற நஞ்சு வேறு வழிக்காரன். அது சரத்தின் வளரும் முனையில் போய் மூடியாக உட்கார்ந்துவிடும்.

முள்ளின் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர், தட்டிலிருந்து கண்ணி திருடும் வேலைக்கு இவ்வளவு பொருந்தியது தற்செயல்தான். அதனால் 'கள்வ நஞ்சு' என்று மொழிபெயர்க்கலாமா என்று அவள் கேட்டாள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வேண்டாம் என்றேன். வேதிப்பொருளின் தனிப்பெயரை ஒலிபெயர்ப்பாகவே விடுவது நல்லது. வகைக்கு மட்டும் ஒரு தமிழ்ச் சொல் தேவை. 'ஆக்டின் கோவைத் தடுப்பி' என்று நான் முதலில் எழுதினேன். சேலத்துக்காரர்கள் கோயம்புத்தூர் பஸ்ஸை மறிக்கிறார்களாக்கும் என்று அவளே சிரித்துவிட்டாள். கடைசியில் 'சரத்தடை நச்சு' என்று முடிவானது. அதில் சைட்டோகலாசினும் அடங்கும்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவள் அப்பா இடுக்கியைக் கீழே வைத்தார். "கண்ணியத்தானே எடுத்தான்? அப்ப கோத்து வச்சத யாருங்க பிரிச்சது?"

"யாரும் பிரிக்கலப்பா," என்றாள் அவள். "அது எப்பவும் உதிர்ந்துட்டேதான் இருந்துச்சு."