நாத்தனார் பால்தானே என்று கொடுத்துவிடாதீர்கள்

மார்கழியிலிருந்து இன்றுவரை, தாயல்லாத உறவுப் பெண்ணிடம் பால் குடித்து என்னிடம் வந்த குழந்தைகளில் இது நான்காவது. காரைக்குடியில் குழந்தை நல மருத்துவராக இருக்கும் நான், ஒவ்வொரு முறையும் அந்தந்த வீட்டாரிடம் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பிறகே இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பிறந்து 23 நாளான பெண் குழந்தை அது. அறுவைச் சிகிச்சையில் பிறந்தது. முதல் இரண்டு நாளும் தாய்க்குப் பால் ஊறவில்லை என்று பெரியவர்கள் முடிவு செய்து, தாய் அசதியில் உறங்கிக்கொண்டிருந்தபோது குழந்தையைத் தூக்கி, பார்க்க வந்திருந்த நாத்தனாரிடம் பால் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கும் ஆறு மாதக் கைக்குழந்தை இருந்தது. வீட்டிற்கு வந்த பிறகும் இரண்டு வாரம் அது தொடர்ந்திருக்கிறது. இந்த விவரம் எதையும் அவர்கள் எனக்குச் சொல்லவில்லை. குழந்தையை எடை பார்க்கக் கொண்டு வந்த அன்று, அறை வாசலில் நின்ற அந்த நாத்தனார் விடாமல் இருமியதைக் கேட்டுத்தான் நான் விசாரிக்க ஆரம்பித்தேன். மூன்று வாரமாக இருமல், பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். உடம்பு மெலிந்திருந்ததைப் பிள்ளை பெற்ற அசதி என்று நினைத்திருந்தார்கள். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது.

“வேற யாரு குடுத்தா, என் மகதானே குடுத்தா? ஒரே ரத்தந்தானே டாக்டரம்மா” என்று குழந்தையின் அப்பத்தா என்னைக் கேட்டார். அவர் பேத்தி மீது உயிரையே வைத்திருப்பவர். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான்கு குடும்பத்திலும் கேட்டேன் என்பதால், அதற்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சொந்தம் என்பது பரிசோதனை முடிவு அல்ல. எச்.ஐ.வி. கிருமியும், மஞ்சள் காமாலையின் பி வகைக் கிருமியும், மேகநோய் எனும் சிபிலிஸ் கிருமியும் யார் வீட்டுப் பெண் என்று பார்த்து உடம்பில் ஏறுவதில்லை. எச்.ஐ.வி. இருப்பவர் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இல்லாமல், நல்ல நிறமும் சதைப்பற்றுமாக, வீட்டு வேலை அனைத்தையும் செய்துகொண்டு இருக்க முடியும். தாய்ப்பாலின் வழியாக அந்தக் கிருமி குழந்தைக்குப் போக முடியும் என்பது பல ஆண்டுகளாக நிறுவப்பட்ட உண்மை. உங்கள் வீட்டில் ஒருவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டுமென்றால், கொடுப்பவர் உடன்பிறந்த அண்ணனாகவே இருந்தாலும் ரத்த வங்கியில் பரிசோதிக்காமல் ஏற்றுவதில்லை. அதை நீங்களும் மறுப்பதில்லை. பால் விஷயத்தில் மட்டும் அந்த எச்சரிக்கை எங்கே போய்விடுகிறது?

“அவளுக்குத்தான் மாசமா இருந்தப்பவே எல்லா டெஸ்டும் எடுத்தாச்சே” என்பது அடுத்த பதில். எடுத்திருப்பார்கள், நல்லதுதான். ஆனால் தாய் சேய் நல அட்டையில் இருப்பது கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் எடுத்த முடிவு. ஆறு மாதக் குழந்தை வைத்திருப்பவருக்கு அது ஓர் ஆண்டுக்கு மேல் பழையது. அதற்குப் பிறகு கணவர் வழியாகத் தொற்று வந்திருந்தால் அட்டை எப்படிக் காட்டும்? புதிதாகத் தொற்றிய முதல் வாரங்களில்தான் உடம்பில் கிருமி மிக அதிகமாக இருக்கும், அதே வாரங்களில்தான் பரிசோதனையிலும் அது தப்பிவிடக்கூடும். இந்த நாத்தனாரின் அட்டையிலும் எல்லாம் சரியாகவே இருந்தது. காசநோய் பாலில் போவதில்லை. அது மூச்சில் போகிறது. பனி படக்கூடாதென்று சன்னலைச் சாத்திய அறையில், பச்சைக் குழந்தையை மார்போடு அணைத்து நாளைக்கு ஏழெட்டு முறை பால் கொடுத்தால், அந்த மூச்சுக்கும் குழந்தைக்கும் இடையே ஒரு சாண் கூட இல்லை. முற்றமும் தாழ்வாரமுமாகக் காற்றோட்டம் பார்த்துக் கட்டிய வீட்டில், பிள்ளை பெற்றவளை மட்டும் ஏன் காற்றே புகாத அறையில் வைக்கிறீர்கள் என்று நான் கேட்பது இன்று நேற்றல்ல.

நான் மிகவும் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. கூடத்தில் பத்துப் பேர் சூழ்ந்திருக்க, அழுகிற குழந்தையை ஒரு பெண்ணின் மடியில் போட்டு, “கொஞ்சம் பால் குடு தாயி” என்று மூத்தவர் ஒருவர் சொன்னால், அவர் எப்படி மறுப்பார்? தனக்கு ஒரு தொற்று இருப்பது அவருக்கும் கணவருக்கும் மட்டுமே தெரிந்திருக்கலாம், மாத்திரையைப் புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் சாப்பிட்டு வரலாம். மறுத்தால் கல்நெஞ்சக்காரி என்பார்கள் அல்லது ஏன் என்று துருவுவார்கள். கொடுத்தால் குழந்தைக்கு ஆபத்து. இப்படிப்பட்ட நிலையில் யாரையும் நிறுத்த நமக்கு உரிமை இல்லை. ஆகவே பெரியவர்களே, தயவுசெய்து அந்தக் கேள்வியை நீங்கள் கேட்காதீர்கள். செவிலியரிடமோ மருத்துவரிடமோ விட்டுவிடுங்கள். நாங்கள் தனியே பேசுவோம், வேண்டாமென்றால் “இவருக்குச் சரிப்படாது” என்று மட்டும் சொல்வோம், காரணம் யார் காதுக்கும் போகாது. அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், முடிவும் ரகசியமாகவே இருக்கும்.

ஆபத்து ஒரு பக்கம் மட்டும் என்றும் எண்ண வேண்டாம். 1988-இல் சோவியத் நாட்டின் எலிஸ்டா நகரில், மருத்துவமனை ஊசிகளால் எச்.ஐ.வி. தொற்றிய குழந்தைகளுக்குப் பால் கொடுத்த தாய்மார் சிலருக்கு, காம்பு வெடிப்பின் வழியே குழந்தையிடமிருந்து அந்தக் கிருமி வந்தது. முன்பு ஐரோப்பாவில் கூலிக்குப் பால் கொடுத்த செவிலித்தாய்மாருக்கு மேகநோய் வந்ததும் இப்படித்தான். பால் கொடுக்க முன்வரும் பெண்ணின் உடம்பையும் நாம் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் அடிப்படை, பால் ஊறவில்லை என்ற அவசர முடிவு. முதல் நாள் குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்குக் கொள்வது 5 முதல் 7 மில்லி, ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. சீம்பால் அந்த அளவுக்குத்தான் வரும், அது போதும். பால் நிறைய இறங்குவது இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், அறுவைச் சிகிச்சையானால் சற்றுத் தாமதமாகலாம். முதல் சில நாளில் பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை குறைவதும் இயல்பு. படுத்தபடியே தாயின் மார்பில் குழந்தையை ஒட்டி வைத்து, இரண்டு மூன்று மணிக்கொரு முறை சப்பவிட்டு, சப்பாவிட்டால் கையால் பீய்ச்சிப் பாலாடைக் கிண்ணத்தில் ஊட்டினால் பால் தானாக வரும். சப்பச் சப்பத்தான் சுரக்கும். நாத்தனாரிடம் குடித்த குழந்தை, தாயிடம் சப்பாது. தாய்க்குப் பால் ஊறாதது குழந்தையை வேறிடத்தில் குடிக்க வைத்ததால்தான் என்று நான்கு குடும்பத்திலும் சொன்னேன். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போனால் பயம் வேண்டாம். போகவில்லையென்றால், மஞ்சள் ஏறினால், குழந்தை எழுப்பியும் விழிக்காமல் துவண்டு கிடந்தால், உடனே எங்களிடம் கொண்டு வாருங்கள். இடையில் சேனை வைக்கிறேன் என்று தேனும் சர்க்கரைத் தண்ணீரும் நாக்கில் தடவாதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

பிறர் பாலே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தாயை இழந்த குழந்தையை ஒரு சித்தி தன் பாலில் வளர்த்தெடுத்ததை நானே பார்த்திருக்கிறேன், அதற்கு நானே துணையிருந்தேன். தாயின் பீய்ச்சிய பாலும் கிடைக்காதபோது, நலமுள்ள வேறொரு பெண்ணின் பால், பால் வங்கிப் பால், புட்டிப்பால் மாவைச் சங்கிலோ பாலாடையிலோ ஊட்டுவது ஆகியவற்றில் சூழ்நிலைக்குத் தக்கதை எடுக்கலாம் என்றே உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஆனால் முறையாகச் செய்யுங்கள். தாயின் சம்மதம் முதலில். கொடுப்பவருக்கு எச்.ஐ.வி., பி வகை, சி வகை மஞ்சள் காமாலை, மேகநோய்ப் பரிசோதனைகள் இப்போது எடுத்தவையாக இருக்க வேண்டும். நீண்ட நாள் கொடுப்பதானால் மூன்று மாதத்தில் மறுபடியும் எடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலும், மார்பில் கொப்புளமோ ரத்தம் கசியும் வெடிப்போ இருந்தாலும், புற்றுநோய் மருந்து போன்றவை எடுத்தாலும் கொடுக்கக் கூடாது. வேறு எந்த மருந்தானாலும் எங்களைக் கேளுங்கள். அவருடைய குழந்தை முதலில் வயிறு நிறையட்டும். ஒரே பெண்ணாக இருக்கட்டும், இன்று ஒருவர் நாளை ஒருவர் வேண்டாம். இஸ்லாமியக் குடும்பங்களில் பால் கொடுத்தவர் தாயின் நிலைக்கு வருகிறார், அவர் பிள்ளைகளோடு மணஉறவு கூடாது. ஆகவே பெயர் தெரியாத பக்கத்துக் கட்டில்காரரிடம் கொடுத்துவிட்டுப் பிறகு தேடி அலையும் நிலை வரக்கூடாது.

அடுப்பில் காய்ச்சினால் சரியாகிவிடாதா என்கிறார்கள். பால் வங்கியில் 62.5 டிகிரியில் 30 நிமிடம், கருவி வைத்து, முன்னும் பின்னும் கிருமிப் பரிசோதனை செய்து கொடுக்கிறார்கள். பாத்திரத்தில் கொதிக்கவைப்பது அது அல்ல. பால் வங்கி மதுரை அரசு ராசாசி மருத்துவமனையில் இருக்கிறது, முதன்மையாகக் குறைமாத, நோயுற்ற குழந்தைகளுக்காக. காசுக்கு விற்கும் பாலை வாங்கவே வாங்காதீர்கள். தாய்ப்பாலை வணிகமாக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதத்தில் எச்சரித்திருக்கிறது.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் கலங்க வேண்டாம். ஓரிரு வேளை குடித்ததில் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனால் மறைக்காமல் அன்றே சொல்லுங்கள். தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

அந்தப் பெண் குழந்தைக்கு நோய் பற்றவில்லை. ஆறு மாதத் தடுப்பு மருந்து கொடுத்து வருகிறோம், நாத்தனாரின் குழந்தைக்கும் அப்படியே. நாத்தனார் சிகிச்சையில் தேறி வருகிறார். என்னிடம் வந்த பிறகு தாய்க்குப் பால் இறங்க ஒன்பது நாள் ஆயிற்று. நானும் என் செவிலியரும் தினமும் உட்கார்ந்து சப்ப வைத்தோம். போன வாரம் எடை பார்த்தபோது பாலாடை தேவைப்படவில்லை.