விமானத்தில் காது வலி: 1783-லிருந்து தொடரும் கதை

பள்ளி விடுமுறை முடிந்ததும் பினாங்கில் எங்களைப் போன்ற காது மூக்கு தொண்டை மருத்துவர்களிடம் ஒரு கூட்டம் வரும். திருச்சிக்கோ சென்னைக்கோ போய்விட்டுத் திரும்பியவர்கள். "டாக்டர், காதுக்குள்ள தண்ணி நிக்கிற மாதிரியே இருக்கு. பேசினா என் குரலே எனக்கு எதிரொலிக்குது" என்பார்கள். கருவியை வைத்துப் பார்த்தால், வெளிர்ச்சாம்பல் நிறத்தில் பளபளக்க வேண்டிய செவிப்பறை சிவந்து, உள்பக்கமாக இழுபட்டுக் கிடக்கும். சிலருக்கு அதன் பின்னால் தேன் நிறத்தில் நீர் கோத்திருக்கும். சிலருக்கு இரத்தமே கட்டியிருக்கும். விமானம் ஏறும்போது சளி இருந்ததா என்று கேட்டால், "லேசா இருந்துச்சு" என்பதுதான் பெரும்பாலும் பதில்.

இந்த வலி விமானத்துக்கும் மூத்தது. 1783 செப்டம்பர் 19 அன்று வெர்சாய் அரண்மனை முன்பு மோங்கோல்ஃபியே சகோதரர்கள் தங்கள் பலூனில் ஓர் ஆட்டையும் வாத்தையும் சேவலையும் ஏற்றி அனுப்பினார்கள். மேலே போனால் உயிர் தாங்குமா என்பதுதான் அன்றைய பயம். மூன்றும் உயிரோடு இறங்கின. நவம்பர் 21-ல் இரண்டு மனிதர்கள் பாரிஸ் வானில் பறந்தார்கள். டிசம்பர் 1-ல் ஜாக் சார்ல் என்ற அறிவியலாளர் ஹைட்ரஜன் பலூனில் கிளம்பினார். முதலில் துணையோடு போய் இறங்கியவர், அன்று மாலையே மறுபடி தனியாக ஏறினார். எடை குறைந்த பலூன் கிடுகிடுவென்று 3,000 மீட்டர் வரை உயர்ந்தது. கீழே மறைந்துவிட்ட சூரியனை மேலே போய் இரண்டாவது முறையாகப் பார்த்தார். அந்தப் பரவசத்தின் நடுவே வலது காதுக்குள்ளும் தாடைப் பக்கமும் பொறுக்க முடியாத வலி. வாயுவைத் திறந்துவிட்டு இறங்கினார். அதன் பிறகு அவர் பறக்கவே இல்லை.

அவருக்கு மேலே வந்த வலி, நம் பயணிகளுக்குப் பெரும்பாலும் இறங்கும்போது வருகிறது. செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிரம்பிய சின்ன அறை ஒன்று உண்டு. அதையும் மூக்கின் பின்பக்கத்தையும் ஒரு மெல்லிய குழல் இணைக்கிறது. ஏறும்போது அறைக்குள் இருக்கும் காற்று விரிந்து, தானாகவே வெளியே கசிந்துவிடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போக வேண்டும், ஆனால் குழல் தானாகத் திறக்காது. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும்தான் தசை அதை இழுத்துத் திறக்கும். சளி பிடித்திருந்தால் குழலின் வாயே வீங்கி அடைத்துக்கொள்ளும். வெளி அழுத்தம் ஏற ஏற செவிப்பறை உள்ளே அமுங்கும், வலி உயிரை எடுக்கும்.

அதனால், மூக்கு முழுசாக அடைத்திருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். முடியாது என்றால், மூக்கடைப்பு நீக்கும் ஸ்ப்ரேயை இறங்கத் தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்பு அடிக்கலாம். இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் குழந்தைகளும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. இறங்கும்போது தூங்காதீர்கள். பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் விமானம் ஏறி முடித்த கையோடு இறங்க ஆரம்பித்துவிடும், அதில் கண்ணயரவே வேண்டாம். மிட்டாய் சப்புங்கள், அடிக்கடி விழுங்குங்கள். மூக்கைப் பிடித்து வாயை மூடி மெதுவாக ஊதலாம், ஓங்கி ஊதினால் உள்காதுக்கே ஆபத்து. கைக்குழந்தை தூங்கினாலும் எழுப்பி அந்த நேரத்தில் பால் கொடுங்கள். இறங்கிய பிறகு தலைசுற்றலோ, திடீரென்று காது கேட்காமல் போவதோ, காதிலிருந்து இரத்தமோ இருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். வெறும் அடைப்பு என்றால் சில நாள் பொறுக்கலாம்.

காதாவது வலித்து எச்சரிக்கும். ஆக்ஸிஜன் குறைந்தால் மூளை அதைக்கூடச் செய்யாது. 1875 ஏப்ரல் 15-ல் செனித் என்ற பலூனில் திசாந்தியே, சிவேல், குரோசே-ஸ்பினெல்லி என்ற மூன்று பிரெஞ்சுக்காரர்கள் 8,000 மீட்டருக்கு மேலே போனார்கள். காற்று மெலிந்தால் உடம்பு என்ன ஆகும் என்று பால் பெர் என்ற உடலியல் அறிஞரின் சோதனை அறையில் முன்பே அனுபவித்துப் பார்த்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆக்ஸிஜன் பைகளைக் கையோடு கொண்டுபோயிருந்தார்கள். ஆனால் குழாயை வாயில் வைக்க வேண்டிய நேரத்தில் திசாந்தியேக்குக் கை எழவில்லை. வலி இல்லை, பயம் இல்லை, உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சிகூட இருந்தது என்று பின்னாளில் எழுதினார். அவர் கண் விழித்தபோது மற்ற இருவரும் இறந்திருந்தார்கள். அவருக்குக் காது கேட்காமல் போனது. ஆக்ஸிஜன் குறைவது சுகமாகவும் இருக்கலாம் என்ற இந்த ஒரு விஷயத்தை ஒவ்வொரு பயணியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ரைட் சகோதரர்கள் 1903-ல் 12 வினாடி பறந்தபோது இந்தக் கவலையே இல்லை, அவர்கள் தரையை ஒட்டித்தான் போனார்கள். பயணி விமானங்கள் உயரே போகத் தொடங்கியதும், உள்ளே அழுத்தம் ஏற்றிய அறை தேவைப்பட்டது. போயிங் 307 விமானம் 1940-ல் அப்படிப் பயணிகளை ஏற்றிச் சென்றது. இன்று நாம் 11,000 மீட்டரில் பறக்கிறோம். வெளியே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் கால்பங்குகூட இல்லை. உள்ளே சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமமான காற்று. ஏ350, போயிங் 787 போன்ற புதிய விமானங்களில் அது 1,800 மீட்டர் அளவு, ஏறக்குறைய கெந்திங் மலைதான். நுரையீரல் நோய், கடுமையான இரத்தசோகை உள்ளவர்கள் டிக்கெட் போடும் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டியது இதனால்தான்.

அந்த அழுத்தம் திடீரென்று போய்விட்டால், அந்த உயரத்தில் தெளிவாக யோசித்துச் செயல்பட ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. முகமூடி தொங்கினால் முதலில் உங்களுக்கு, அப்புறம் பிள்ளைக்கு. தாய்மார்களுக்கு இது மனசுக்கு ஒப்பாது, எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளைக்கு மாட்டிக்கொண்டிருக்கும்போதே உங்கள் கை எழாமல் போனால் இருவருக்குமே ஆபத்து.

விண்வெளியிலும் இதே கதைதான். 1961-ல் யூரி ககாரின் 108 நிமிடம் பறந்தபோது அவரைச் சுற்றித் தரைக்காற்று போன்ற காற்றே இருந்தது. 1971-ல் சோயூஸ் 11 என்ற சோவியத் விண்கலம் திரும்பி வரும் வழியில் ஒரு வால்வு திறந்துகொண்டது, காற்று வெளியேறி மூன்று வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் அழுத்த உடை அணிந்திருக்கவில்லை. அதன் பிறகு அந்த உடை கட்டாயமானது. 2007 அக்டோபர் 10-ல் மலேசியாவின் முதல் விண்வெளி வீரரான நம் ஷேக் முஸாஃபர், அவரும் ஒரு மருத்துவர், எலும்பு அறுவை நிபுணர், அப்படிப்பட்ட உடையோடுதான் சோயூஸில் ஏறினார்.

விண்வெளி நிலையத்துக்கு வெளியே இறங்கி வேலை செய்பவர்களின் உடைக்குள் அழுத்தம் தரையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதனால் முன்கூட்டியே சுத்த ஆக்ஸிஜனைச் சுவாசித்து, உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜனை வெளியேற்றிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் அது இரத்தத்திலும் மூட்டுகளிலும் குமிழியாகக் கிளம்பும். தியோமான், பெர்ஹெந்தியான் தீவுகளில் ஆழ்கடல் டைவிங் செய்யும் நம் இளைஞர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. கடலடியில் கரைந்த நைட்ரஜன் கரையேறியதும் உடனே போய்விடாது. கடைசி டைவிங்கை முடித்து குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள் கழித்து விமானம் ஏறுங்கள். திரும்பும் டிக்கெட்டையும் அதற்கேற்ற மாதிரியே போடுங்கள்.