டக்குக்கும் பார்ஜுக்கும் நடுவே புகுந்து போகாதீர்கள்

போன வாரம், விடியற்காலை நாலரை மணி இருக்கும். எண்ணூர்ப் பக்கமிருந்து டக் என்கிற எங்கள் இழுவைக் கப்பலில், காலி பார்ஜ் ஒன்றை, அதாவது எஞ்சின் இல்லாத தட்டையான சரக்குக் கலத்தை, இழுத்துக்கொண்டு தெற்கே வந்துகொண்டிருந்தோம். பின்னால் விட்டிருந்த வயர் முந்நூறு மீட்டருக்கும் மேல். காசிமேட்டிலிருந்து கிளம்பிய பைபர் போட் ஒன்று எங்கள் டக் கடக்கும் வரை பொறுமையாக நின்றது. அப்புறம் நேராக எங்களுக்கும் பார்ஜுக்கும் நடுவே புகுந்தது. சர்ச் லைட் அடித்தேன். ஹாரனை ஐந்து முறை விட்டு விட்டு அடித்தேன். போட்டில் இருந்தவர் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

அந்த நேரம் வயர் தொய்ந்து தண்ணீருக்குள் கிடந்தது. போட் தாண்டி ஒரு நிமிடம் ஆகியிருக்காது, அலையில் பார்ஜ் கனத்தது. கை மொத்த இரும்பு வயர் கடலைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. பிழிந்த துணி போல அதன் இழைகளிலிருந்து தண்ணீர் தெறித்தது. பிறகு சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது.

இந்த வருஷம் எனக்கே இது நாலாவது தடவை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தத் தம்பியை மறுநாள் டீக்கடையில் பிடித்தேன். "கேப் இருந்துச்சேண்ணா. உங்களுது சின்னக் கப்பல், மெதுவாத்தானே வரீங்க. நிறுத்த மாட்டீங்களா?" என்றான்.

இந்த 'சின்னக் கப்பல்' பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. டக் சின்னதுதான். ஆனால் அதைக் கட்டுவதே தன்னைவிடப் பல மடங்கு பெரியதை இழுப்பதற்கு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படை ஆழ்கடலுக்கென்றே ஒரு டக் வகையைக் கட்டியது. நீளம் 62 மீட்டர் சொச்சம், 3,000 குதிரைத்திறன், ஒரே புரொப்பல்லர். டீசல் எஞ்சின் மின்சாரம் தயாரிக்கும், மின் மோட்டார் புரொப்பல்லரைச் சுழற்றும். வெடுக்கென்று இழுத்தால் வயர் போய்விடும், அதனால்தான் அந்த நிதானமான ஏற்பாடு. பின்தளம் நீளமாக, தண்ணீருக்கு ஒட்டினாற்போல் தாழ்வாக இருக்கும். வயரைச் சுருட்டும் இழுவை வின்ச் கப்பலின் நடுவுக்குச் சற்றே பின்னால். கடைக்கோடியில் கட்டினால் டக்கால் தலையைத் திருப்ப முடியாது. பாரம் கூடினால் வின்ச் தானாகவே வயரை விடும், குறைந்தால் சுருட்டும்.

அந்த வகையில் 'சூனி' என்று ஒன்று, 1943-இல் பணிக்கு வந்தது. 1944 நவம்பரில் டார்ப்பிடோ தாக்கிய 'ரீனோ' என்ற போர்க்கப்பலை 1,500 மைல் இழுத்துப் போய்ச் சேர்த்தது. போருக்குப் பின் கடலோரக் காவல் படைக்குப் போய், 'டமரோவா' என்று பெயர் மாறி, 1991 அக்டோபர் புயலில் ஆட்களைக் காப்பாற்றியது. 1994-இல் ஓய்வு. 2017-இல் மீன் குடியிருக்கட்டும் என்று கடலடியில் இறக்கிவிட்டார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் உழைத்த 'சின்னக் கப்பல்' அது! நம் கடற்படையும் தன் டக்குகளுக்கு மதங்கா, கஜ் என்று யானைப் பெயராகத்தான் பார்த்து வைத்தது. யானைச் சங்கிலியை யாராவது தாண்டிப் பார்ப்பார்களா?

சரி, நிறுத்துவது. நான் எஞ்சினைக் குறைத்தால் டக் நிற்கும், பார்ஜ் நிற்காது. அதற்கு எஞ்சினும் இல்லை, பிரேக்கும் இல்லை. வந்த வேகத்தில் என் மேலேயே வரும். தொய்ந்த வயர் கடலடித் தரையில் போய் மாட்டும். சட்டென்று திருப்பினால் வயர் பக்கவாட்டில் இழுத்து டக்கையே கவிழ்த்துவிடும். அப்படிச் சில நொடிகளில் கவிழ்ந்த டக்குகள் உலகம் முழுக்க உண்டு. உங்களுக்காக நான் நிற்க வேண்டும் என்று நினைப்பது கெட்ட எண்ணமல்ல, நடக்காத காரியம்.

நீங்கள் பார்க்க வேண்டியது விளக்கை. முன் பக்கக் கம்பத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு வெள்ளை விளக்கு இருந்தால் பின்னால் எதையோ இழுக்கிறோம். மூன்று இருந்தால், டக்கின் பின்முனையிலிருந்து பார்ஜின் கடைசி வரை 200 மீட்டருக்கும் மேல். பின்னாலிருந்து பார்த்தால் வெள்ளைக்கு மேலே மஞ்சள். சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று மேலிருந்து கீழாக எரிந்தால் எங்களால் விலக முடியாது. பகலில், நீண்ட இழுவை என்றால் கறுப்பு டைமண்ட் உருவம் தொங்கும். பார்ஜின் விளக்கு மங்கலாகத்தான் இருக்கும், கரை வெளிச்சத்தில் கலந்துவிடும். தேடிப் பாருங்கள்.

சுற்றிப் போவதென்றால் பார்ஜுக்குப் பின்னால், நன்றாகத் தள்ளிப் போங்கள். டக் வரும் வழியில் வலை விடாதீர்கள். விஎச்எஃப் ரேடியோ இருந்தால் சேனல் 16-இல் கூப்பிடுங்கள். பிள்ளையைத் தொழில் பழக்கக் கூட்டிப்போகும் அப்பாக்களே, இன்ஜின் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் முன் இந்த விளக்குகளைச் சொல்லிக்கொடுங்கள், புண்ணியமாகப் போகும்.

ஒன்றும் புரியவில்லையா, நின்று எங்களைப் பார்த்து டார்ச் அடியுங்கள். வயர் எங்கே இறங்குகிறது, பார்ஜ் எங்கே வருகிறது என்று சர்ச் லைட்டை ஓட்டிக் காட்டுகிறோம்.